டி.வி. வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால், சாக்கின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டு நம்மில் யாரும் பணம் கொடுப்பதில்லை. குத்தூசியை ஓரத்தில் விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதி, உடைசல் எவ்வளவு, தூசி எவ்வளவு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலைப் பேச்சே. கிலோவுக்கு ஐம்பது காசு வித்தியாசம் வந்தால் மண்டிக்காரரிடம் அரை மணி நேரம் மல்லுக்கு நிற்போம். அப்படிப்பட்ட நாம், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து டி.வி. வாங்கப் போகும்போது மட்டும் அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ளதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஊரார் கதையைச் சொல்லவில்லை, என் கதையைத்தான் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. தீபாவளி நெருங்கிய நேரம். பத்து சதவீதம் குறைந்துவிட்டது என்று கடைக்குக் கடை தட்டி கட்டியிருந்தார்கள். நானும் 42,000 ரூபாய் கொடுத்து 55 அங்குல 4கே செட் ஒன்றை வாங்கி வந்து சுவரில் மாட்டினேன். கடையில் ஓடிக்கொண்டிருந்தபோது மயில் தோகையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. வீட்டில் சீரியல் போட்டால் கதாநாயகியின் முகம் மாவு அப்பியதுபோல இருக்கிறது. கீழே ஓடும் எழுத்துகளின் ஓரமெல்லாம் பிசிறு. "பழைய பெட்டியே தேவலை" என்று வீட்டில் ஒரே பேச்சு. கடைக்குப் போன் செய்தால், "புது செட்டு சார், ரெண்டு நாள் ஓடினா சரியாயிடும்" என்றார்கள். சரியாகவில்லை. மாதக் காசு வாங்க வந்த கேபிள் தம்பிதான் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, உங்க பெட்டி எஸ்.டி. பெட்டி. ஒயரும் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். இதுல 4கே எங்கேருந்து வரும்?"

(போகிற போக்கில் ஒரு கணக்கு. வரிக்கு முன் 100 ரூபாய் சரக்கு அன்று 128, இன்று 118. கொடுக்கும் விலையில் குறைந்தது 128க்குப் பத்து. அதாவது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. தட்டியில் எழுதியிருந்த பத்து சதவீதம் அல்ல. வரிக் கணக்கு தினமும் பார்க்கும் நானே அதைக் கடைவாசலில் மறந்து நின்றேன்.)

நம்மில் பலர் குழம்புவது இரண்டு சொற்களில். ஒன்று டிஜிட்டல், மற்றொன்று எச்.டி. இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறோம். டிஜிட்டல் என்பது படம் வந்து சேரும் விதம். எச்.டி. என்பது படத்தின் நுணுக்கம். நம் தொழிலில் சொன்னால், மூட்டையிலிருந்து உதிரியாக அளந்து கொடுத்த சரக்கு பாக்கெட்டில் அடைத்து வந்தால் அது டிஜிட்டல். வழியில் சிந்தாது, கலப்படமாகாது. ஆனால் பாக்கெட்டுக்குள் இருப்பது முதல் ரகமா மூன்றாம் ரகமா என்பதைப் பாக்கெட் சொல்லாது. நம் பகுதியில் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு டிஜிட்டலாக வந்து சேர்வது பழைய ரகப் படம்தான்.

அந்தப் பழைய ரகம் எது என்பதை அறியச் சிறிது பின்னோக்கிப் போக வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ல் தொடங்கியது. 1982ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அப்போது நம் நாடு கடைப்பிடித்த முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றில் திரையில் தெரிபவை 576. வேலூர்ப் பக்கம் மொட்டை மாடியில் உயரமான ஆன்டெனாவை நட்டு, பூஸ்டர் வைத்து, ஒருவர் மேலே திருப்ப ஒருவர் கீழிருந்து "போதும், போதும்" என்று கத்திய காலம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். அன்று சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அந்தச் சமாதானம் கிடையாது. வந்தால் சுத்தமாக வரும், குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஷ் வைத்திருப்பவர்களுக்குக் கனமழையில் படம் போவது இதனால்தான். அதற்கு டி.வி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிஜிட்டல் மாற்றத்தில் நம் வேலூருக்கு ஒரு தனி இடம் உண்டு. 2007ல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டபோது கட்டுப்பாட்டு அறைகள் தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி, வேலூர் ஆகிய நான்கு ஊர்களில்தான் வைக்கப்பட்டன. இடையில் தொய்ந்துபோன அந்தச் சேவை 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மறுபடி தொடங்கியது. அதே 2011ல் மத்திய அரசு கேபிள் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுவதும் படிப்படியாக டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முதல் கட்டத்தில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள், கடைசிக் கட்டத்தில் கிராமங்கள். அரசு கேபிளுக்கு அதற்கான உரிமம் 2017ல் கிடைத்தது. அந்த ஆண்டே வீடுகளுக்கு விலையில்லா செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் 2006 முதல் 2011 வரை மாநில அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல இலவச வண்ண டி.வி. கொடுத்திருந்தது. அந்தச் சின்னத் திரைக்கு அந்தப் பெட்டியில் வந்த படம் தாராளமாகப் போதும். சிக்கல், அதே பெட்டியை 55 அங்குலத் திரையோடு இணைக்கும்போது வருகிறது.

திரையில் உள்ள புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பழைய எஸ்.டி. படம் 720க்கு 576. பெருக்கினால் சுமார் நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் புள்ளிகள். 'எச்.டி. ரெடி' என்று விற்கும் 32 அங்குல செட்களில் பெரும்பாலானவை 1366க்கு 768, அதாவது பத்தரை லட்சம். 'ஃபுல் எச்.டி.' என்பது 1920க்கு 1080, ஏறத்தாழ இருபத்தொரு லட்சம். 4கே என்பது 3840க்கு 2160, எண்பத்துமூன்று லட்சம் புள்ளிகள். நான்கு லட்சம் புள்ளியில் வந்த படத்தை எண்பத்துமூன்று லட்சம் புள்ளியில் நிரப்ப வேண்டுமென்றால், வந்த ஒவ்வொரு புள்ளியையும் இருபதாக இழுக்க வேண்டும். ஒரு ஆள் சாம்பாரை இருபது பேருக்குத் தண்ணீர் ஊற்றிப் பரிமாறுகிற கதை இது. செட் என்ன செய்யும்? தன்னால் முடிந்தவரை இட்டு நிரப்புகிறது. நான் மாவு அப்பிய முகமாகப் பார்த்தது அந்த இட்டு நிரப்பலைத்தான்.

கடையில் மயில் தோகை தெரிந்ததற்குக் காரணமும் இதுவே. அங்கே பென் டிரைவில் 4கே படத்தையே செருகி ஓட்டுகிறார்கள். கேபிளில் வருகிற நம் தமிழ்ச் சேனல்கள் எதுவும் 4கே அல்ல. சன், விஜய், ஜீ தமிழ், கே டி.வி. போன்றவற்றுக்கு எச்.டி. வரிசை தனியாக உண்டு. அதைப் பெற எச்.டி. பெட்டி வேண்டும், அந்தச் சேனலுக்குச் சந்தா கட்ட வேண்டும், பெட்டியிலிருந்து டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. ஒயர் போட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் படம் பழைய ரகம்தான். நான் எச்.டி. பெட்டிக்கு மாறி, ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயரும் போட்ட அன்றைக்குத்தான் வீட்டில் சமாதானம் ஏற்பட்டது. 4கே படம் வேண்டுமானால் இன்டர்நெட் வழியாகத்தான். அதற்கு விநாடிக்குப் பதினைந்து மெகாபிட் வேகமாவது தடங்கலின்றி வர வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்தால் ஏழு ஜி.பி. போல செலவாகும். செல்போன் டேட்டாவை டி.வி.க்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதியது வந்தவுடன் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. எச்.டி. டி.வி.க்கு முதலில் வித்திட்டவர்கள் ஜப்பானியர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு அவர்களுடைய என்.எச்.கே. நிறுவனம் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1991ல் தினமும் எட்டு மணி நேரம் எச்.டி. ஒளிபரப்பும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது பழைய அனலாக் முறையில் வந்த எச்.டி. அதற்குள் 1990ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி முழுக்க டிஜிட்டலில் எச்.டி. அனுப்பலாம் என்று முன்வைத்தது. 1996ல் அந்நாட்டு அரசு டிஜிட்டல் முறையையே ஏற்றது. உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜப்பானின் பழைய எச்.டி. ஒளிபரப்பு 2007ல் நின்றுபோனது. பெரும் பணம் கொடுத்து முதலில் வாங்கியவர்களின் பெட்டிகள் அதோடு சரி. அமெரிக்கா 2009 ஜூன் 12ல் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, பழைய டி.வி.யை வைத்திருப்பவர்கள் மாற்றுப் பெட்டி வாங்கிக்கொள்ள வீட்டுக்கு 40 டாலர் கூப்பன் இரண்டு வரை கொடுத்தார்கள். டி.வி.யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, பெட்டியைச் சேர்க்கச் சொன்னார்கள். இதைக் கவனிக்க வேண்டும்.

இனி அளவு. நம் பகுதி தோல் பகுதி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோலைச் சதுர அடியில் அளந்து, தரம் பிரித்து விற்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டி.வி.யை மட்டும் மூலைக்கு மூலை அங்குலத்தில் வாங்குகிறோம். சதுர அடியில் போட்டுப் பாருங்கள். 32 அங்குலம் என்பது மூன்று சதுர அடி. 43 அங்குலம் ஐந்தரை. 55 அங்குலம் ஒன்பது. 32க்கும் 43க்கும் பதினொரு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் திரை கிட்டத்தட்ட இரு மடங்கு ஆகிறது. படத்திலுள்ள குறையும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

உட்காரும் தூரமும் உண்டு. நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு 32 அங்குலத்தில் ஆறு அடிக்கு அப்பால் எச்.டி. ரெடிக்கும் ஃபுல் எச்.டி.க்கும் பேதம் தெரியாது. 43 அங்குலத்தில் ஏறத்தாழ அதே ஆறு அடியைத் தாண்டினால் ஃபுல் எச்.டி.க்கும் 4கேக்கும் பேதம் தெரியாது. 55 அங்குலத்தில் ஏழு அடி. பத்துக்குப் பத்து அறையில் சுவரோரம் சாய்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு 4கே என்ற எழுத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று யோசியுங்கள். பெரிய அளவுகளில் இன்று 4கே தவிர வேறு கிடைப்பது அரிது என்பது உண்மை. அப்படியானால் அது வந்த பண்டம் என்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கென்று தனியாக விலை கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

எழுத்து விளையாட்டு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெயர் கேள்விப்படாத அசெம்பிள் செட்கள் சிலவற்றில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருக்கும். 4கே படத்தைச் செருகினால் ஓடும் என்பதுதான் அதன் பொருள். திரை பத்தரை லட்சம் புள்ளித் திரைதான். உண்மை எங்கே இருக்கிறது என்றால், பெட்டியின் பக்கவாட்டிலோ புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ 'ரெசல்யூஷன்' என்று பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களில். நாம் அரைக் கிலோ பருப்பைப் பாக்கெட் போட்டால் நிகர எடை, அடைத்த மாதம், அதிகபட்ச விலை, அடைத்தவர் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். எழுத்தின் உயரம் குறைந்தாலும் தொழிலாளர் துறையிலிருந்து வந்து கேட்பார்கள். இங்கே முக்கியமான எண் பொடி எழுத்தில், பயனில்லாத சொல் அரை அடி உயரத்தில். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதெல்லாம் டி.வி. வாங்குகிறவன் பாடு, மளிகைக் கடைக்காரர்களுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் கடைகளில் பாதி வியாபாரம் கணக்குச் சிட்டையில் நடக்கிறது. ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் மாதம் முழுவதும் வாங்கி, சம்பளத்தில் கட்டுகிறார்கள். தீபாவளிக்குப் போனஸ் வரும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். முன்பெல்லாம் அந்தப் பணத்தில் முதலில் நம் பாக்கி தீரும், பிறகு துணி, பிறகு ஏதாவது ஒரு சாமான். இப்போது முறை மாறிவிட்டது. போனஸ் வருவதற்கு முன்பே தவணைக்காரர் வந்துவிடுகிறார். போனஸ் முன்பணமாகப் போய், மீதி பன்னிரண்டு தவணையாக ஏறுகிறது. தவணை வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கப்படும், தவறினால் அபராதம் உண்டு. நம் சிட்டைக்கு அபராதம் கிடையாது, ஆகவே காத்திருப்பது நாம்தான். என் கடையில் பத்து ஆண்டுகளாகச் சரக்கு வாங்கும் ஒரு அம்மா, தையல் பிரிவில் வேலை பார்ப்பவர், மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்குகிறவர், ஒரு மாதம்கூடத் தள்ளியதில்லை. 43 அங்குல செட் எடுத்த பிறகு, "அண்ணே, டி.வி. டியூ போயிடுச்சு, இந்த மாசம் பாதி வச்சிக்கிங்க" என்கிறார். அவர் வீட்டுக்கு வருவதும் எஸ்.டி. பெட்டிதான். மாதம் இரண்டாயிரம் கட்டி அவர் பார்ப்பது முன்பு பார்த்த அதே படம், இன்னும் கொஞ்சம் மங்கலாக.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டதை நாம் மறக்க முடியாது. ஏற்றுமதியை நம்பியிருக்கும் நம் பகுதிக்கு அது நேரே விழுந்த அடி. ஓவர்டைம் குறைந்தால் முதலில் சுருங்குவது சிட்டையில் எழுதும் சாமான்தான். அந்த வேளையில்தான், ஒரு மாதம்கூட ஆகாத இடைவெளியில், டி.வி. வரி குறைந்து தவணை விளம்பரங்கள் தெருவெல்லாம் முளைத்தன. வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். சுழி வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டுச் சொல்லியிருக்கிறது. வட்டியை விலைக்குள் ஒளித்திருப்பார்கள், அல்லது ரொக்கத்துக்கு உரிய தள்ளுபடியைத் தராமல் அதில் கழித்திருப்பார்கள். அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. கடன் கொடுத்து வாங்கும் நமக்கு இது புரியாத சூத்திரம் அல்ல. ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதி வாங்கிப் பார்த்தால் போதும்.

நமது சங்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்மீது கோபப்பட வேண்டாம். அவர்களில் ஒருவரிடம் இதைப் பேசினேன். "வர்றவர் எல்லாம் எத்தனை இஞ்ச், என்ன விலை, இது ரெண்டுதான் கேக்கறாங்க. நான் பெட்டி, ஒயர்னு பாடம் எடுத்தா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க, இல்லாட்டி போனைத் தட்டி ஆன்லைன்ல போட்டுடுவாங்க" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆன்லைன்காரனிடம் இல்லாதது அவரிடம் ஒன்று உண்டு. அவர் வாடிக்கையாளரின் தெருவை அறிந்தவர், அங்கே எந்த கேபிள் வருகிறது, என்ன பெட்டி என்று அறிந்தவர். "உங்க வீட்டுக்கு இப்ப 32 போதும், பெட்டியை மாத்துங்க" என்று சொல்லி ஒரு விற்பனையைச் சிறிதாக்கிக்கொண்டவரிடம்தான் அடுத்து ஃபிரிட்ஜுக்கும் அந்தக் குடும்பம் வரும். அதுதவிர, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் விற்றவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். டி.வி. விற்கும் நம் உறுப்பினர்கள், பில்லில் செட்டின் பெயரோடு ரெசல்யூஷனின் இரண்டு எண்களையும், ரொக்க விலை, தவணை மொத்தம் இரண்டையும் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். கடையில் மாதிரிக்கு ஓடும் ஒரு செட்டிலாவது பென் டிரைவை எடுத்துவிட்டு, ஊரில் எல்லோருக்கும் வருகிற சாதாரண கேபிளை இணைத்து வைக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர்கள் செய்ய வேண்டியது சிறிதுதான். சிட்டைக்காரர்கள் டி.வி. வாங்கப் போவதாகச் சொன்னால், வீட்டில் என்ன பெட்டி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதற்கு மறுப்பு உள்ள எலக்ட்ரானிக்ஸ் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்து பேசட்டும், அல்லது சங்க அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடட்டும். என்னிடம் கழற்றிப் போட்ட மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் இருக்கிறது. கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.